ஹாஜிரா மேடத்தின் லீவு

நர்சிங் சூப்பிரண்டு என்றால் ஊரில் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, கையெழுத்துப் போட ஒரு பேனா. என் மாமியாரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஒங்க மேடம் ஊசி கூடப் போட மாட்டாகளாம்ல, அப்பறம் எதுக்குச் சம்பளம்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

ஹாஜிரா மேடத்துக்கு ஏ.சி. அறை கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே சரிந்து இறங்கும் இடத்தில் அவருக்கு ஒரு மேசை. கொஞ்சம் உயரமான ஆள் வந்தால் தலை இடிக்கும். அதற்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான், சுபலட்சுமி, அவருக்கு அடுத்த பொறுப்பு. கோவிலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் காரைக்குடிக்கு வந்து அந்த அம்மாவோடு வருடக்கணக்காக மாரடித்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவருக்கு நாலு பக்கமும். ஐ.சி.யூ.வில் நர்ஸ் கொஞ்சம் தாமதமாக வந்தால் டாக்டர் இவரிடம் கத்துவார். பார்க்க வந்த சொந்தக்காரர்களை நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பினால் அவர்கள் இவரிடம் கத்துவார்கள். டாக்டர் கத்தினார் என்று நர்ஸ் இவரிடம் வந்து அழுவாள். அழுதவள் மறுநாள் வராவிட்டால் ஏன் ஆள் குறைகிறது என்று நிர்வாகம் இவரிடம் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் கட்டங்காப்பி குடித்துவிட்டு வார்டுக்குப் போய்விடுவார்.

அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. படுக்கை விரிப்பு சுருங்கியிருந்தால் ஏன் என்று கேட்க மாட்டார். தானே குனிந்து இழுத்து ஒழுங்காகச் சொருகுவார். பக்கத்தில் நிற்கிற நர்ஸுக்கு உயிர் போய்விடும். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்.

இந்த மனுஷிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். ஆபரேஷனுக்கு மூன்று முறை தேதி வாங்கி மூன்று முறையும் தள்ளிப் போட்டார். முதல் தடவை ஊரெல்லாம் டெங்கு. இரண்டாம் தடவை இரண்டு நர்ஸுக்கு ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். மூன்றாம் தடவை எதற்கு என்று அவருக்கே ஞாபகமில்லை.

எங்கள் பெரிய டாக்டரே சர்ஜன்தான். "இங்கயே படுங்க, நாளைக்கே முடிச்சிரலாம்" என்று தலைதலையாக அடித்துக்கொண்டார். மேடம் கேட்கவில்லை. மதுரையில்தான் செய்துகொள்வேன் என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

"எனக்கு மூத்திர டியூப் மாட்டி விட்டவள நாளைக்கு நான் கேள்வி கேக்க முடியுமா சுபா? அவ கேப்பாளா?"

"நல்லாக் கேப்பாக. போங்க மேடம்."

"நான் படுத்துக்கெடக்குறத என் நர்ஸுப் பிள்ளைக பாக்கக் கூடாது."

அவரது வீட்டுக்காரர் ஜெய்னுலாபுதீன் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை தேதி வாங்கும்போதும் பெட்டியில் துணிமணி அடுக்குவார், பிறகு பிரிப்பார். "ஊரு சீக்காளிக்கெல்லாம் அங்க வைத்தியம் ஆகுது தங்கச்சி. எங்க வீட்டுச் சீக்காளிக்குத்தான் ஆக மாட்டேங்குது" என்பார். நான்காவது முறை வைகாசியில் ஒரு வியாழக்கிழமை மதுரையில் தேதி கிடைத்தது. இனித் தள்ளினால் உள்ளே சீழ் பிடிக்கும், நாலு சின்னத் துளையோடு முடிய வேண்டியது வயிற்றைக் கிழிப்பதில் போய் நிற்கும் என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா தலையை ஆட்டினார்.

அந்த வாரத்தில்தான் மருதங்கண்மாயில் அம்மன் திருவிழா. அதைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் ஐ.சி.யூ. நர்ஸுகளில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். முதலில் அழகி என்று ஒருத்தி வந்தாள். அவள் தங்கச்சியைக் கூட்டி வந்தாள், தங்கச்சி தோழியைக் கூட்டி வந்தாள், இப்போது காலையில் எங்கள் வேன் அந்த ஊருக்குப் போனால் நிரம்பித்தான் திரும்பும்.

அந்த ஊரில் சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருந்தவர்கள் யாரும் திருவிழா முடிகிறவரை இரவில் வெளியூரில் இருக்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டும்போது ஊருக்குள் வந்துவிட வேண்டும். காப்புக் கட்டும் நேரத்தில் ஊரிலேயே இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. நைட் டூட்டி பார்க்கிற நர்ஸுகள் இருக்கிற ஊரில் இப்படி ஒரு முறை இருந்தால் ஆஸ்பத்திரியின் கதி என்ன?

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஹாஜிரா மேடம். வைகாசி பிறந்ததும் கோயில் பூசாரிக்குப் போன் போட்டு, காப்பு என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வார். அன்றைக்கு அந்த ஊர் நர்ஸுகளில் பாதிப் பேரை மத்தியானமே வேனில் வரவழைத்து டூட்டி ரூமில் உட்கார வைத்துவிடுவார். நைட் டூட்டி எட்டு மணிக்குத்தான். ஆனாலும் காப்புக் கட்டி முடிகிறவரை வாசலைத் தாண்டக் கூடாது. ஊரில் இருக்கிற பாதிப் பேருக்குக் கட்டு, இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு இல்லை. கட்டில்லாதவர்கள் அந்த வாரம் நைட் பார்ப்பார்கள். அடுத்த வருடம் மாற்றிக்கொள்வார்கள். ஊரும் சரி என்றது, சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் காப்பு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மேடம் எல்லாவற்றையும் சரிபார்த்தார். அழகி, சினேகா, இன்னும் மூன்று பேர் டூட்டி ரூமில் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பாயோடு மதுரைக்குக் கார் ஏறினார். புதன்கிழமை டெஸ்ட், வியாழக்கிழமை ஆபரேஷன். "எனக்குப் போன் போடாதே" என்று அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். "நீங்க எனக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேன் மேடம்."

கார் திரும்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நாலு மணி வரைக்கும் இருந்தது.

பெரிய டாக்டரின் அண்ணன் மகன் மெய்யநாதன், ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்க்கச் சென்னையிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பூர்வீகம் இந்தப் பக்கம்தான். ஆனால் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர ஊருக்கு வந்து பழக்கமில்லாத பிள்ளை. நல்ல பையன், அதில் சந்தேகமே இல்லை. அதுதான் வினை. கெட்டவனாக இருந்திருந்தால் ஐந்து பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று திட்டிவிட்டுப் போயிருப்பான்.

நான் மேலே ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரம் அவன் டூட்டி ரூமை எட்டிப் பார்த்திருக்கிறான். எட்டு மணி டூட்டிக்கு இப்போதே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். "ஊர்ல திருவிழா சார், இன்னைக்குக் காப்பு. மேடம் இருக்கச் சொன்னாக" என்றிருக்கிறாள் அழகி.

"திருவிழா அன்னைக்கு இங்க எதுக்கு அடைச்சு வச்சிருக்காங்க? இது ரொம்பத் தப்பு. போய்ச் சாமி கும்பிட்டுட்டு எட்டு மணிக்கு வந்தாப் போதும். மேடம்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சும்மா சொல்லவில்லை. வேனை வரவழைத்து, நிர்வாகத்தின் சார்பில் அம்மனுக்கு ஒரு பெரிய மாலையும் தேங்காய் பழமும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். மனசெல்லாம் ஊரிலே கிடக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை போதாதா? சினேகாதான் முதலில் வேனில் ஏறினாளாம். கடைசியாக அழகி, "சார், கட்டுக்குள்ள போயிட்டா ராத்திரி வர முடியாது சார்" என்று இழுத்திருக்கிறாள். "அதெல்லாம் வேன் வந்து கூட்டிட்டு வரும்" என்றானாம் மகராசன்.

நான் கீழே இறங்கி வந்தபோது டூட்டி ரூமில் ஐந்து டீ கிளாஸ் மட்டும் இருந்தது. விஷயம் தெரிந்து போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. அந்தக் கொட்டுச் சத்தத்தில் எங்கே எடுப்பது? அழகி எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"கட்டியாச்சு மேடம். நான் என்ன செய்வேன்? பெரிய எடத்துப் பிள்ள போகச் சொல்லுது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் குரங்கை நேரில் பார்த்தேன். அது என் முன்னால் நின்று, "ஒரு வாரம் நைட்டுக்கு ஒருத்தருமே வர மாட்டாங்களா? இதுல என்ன லாஜிக் இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டது.

"லாஜிக்க அந்த வேன்லதான் சார் ஏத்தி அனுப்பிட்டீக" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

அன்றைய இரவுக்குப் பகல் டூட்டி பார்த்த இரண்டு பேரைக் கெஞ்சி நிறுத்தினேன். நானும் நின்றேன். மேடத்துக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று மெய்யநாதனிடம் ஒன்றுக்கு மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினான். ஆனால் நேர்மையான பையனாயிற்றே! தன்னால் வந்த தப்பைத் தானே சொல்லிவிட வேண்டும் என்று மதுரைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

புதன்கிழமை காலை, டூட்டி மாறுகிற நேரம். எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே பழைய மேசையில், இஸ்திரி போட்ட புடவையில், ஹாஜிரா மேடம் உட்கார்ந்திருந்தார். பின்னால் பாய் புதுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். கீழே வைக்கக்கூட இல்லை.

"வெடிகாலைலயே கெளம்பிட்டா தங்கச்சி. பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார்.

"மேடம், நாளைக்கு ஆபரேஷன்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் சுபா. கட்டுப்பட்ட பிள்ளைகள எல்லாம் பகலுக்குப் போடு. நைட்டுக்கு நான் இருக்கேன்."

"பகல் பாக்குறவுகளை நைட்டுக்குப் போடுறேன். நீங்க மதுரைக்குத் திரும்பிப் போங்க."

"அவுகல்லாம் பிள்ளக்குட்டிக்காரவுக. இத்தன வருசத்துல ஒருநா கேட்டதில்ல."

"அதான் கேக்குறேன், ஏன் கேட்டதில்ல? கேட்டா வர மாட்டாகன்னா, இல்ல வந்துட்டா நீங்க தேவைப்பட மாட்டீகன்னா?"

வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன். அவ்வளவு எரிச்சல். ஆஸ்பத்திரியையே தன் தலையில் வைத்துத் தாங்குகிறவர்களைப் பார்த்தால் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எனக்குக் கோபம்தான் வரும். தாங்குகிறவர் ஒருநாள் சாய்ந்தால் கீழே நிற்கிறவர்கள் தலையில்தானே விழும்?

அவர் மேசையில் இருந்த பிளாஸ்கை நகர்த்தினார். பிறகு கை விலாவுக்குப் போனது. இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. முகம் வேர்த்து, மேசை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே சரிந்து மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல. வாயு" என்றார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது வாயு என்று சொன்னால் முதல் வேலையாக ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிற மனுஷி! ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வந்தால் ஏற மாட்டேன் என்றார். வெளிநோயாளிகள் எல்லாரும் பார்க்கிறார்களாம். பாய் அப்போதுதான் பெட்டியைக் கீழே வைத்தார். மனைவியை இரண்டு கையாலும் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்.

கையில் ஊசி ஏற்ற வேண்டியவள் சினேகா. காலை வேனில் மஞ்சள் பூசிய முகத்தோடு வந்திருந்தாள். மேடம் பார்க்கிற பார்வையில் அவளுக்கு நரம்பே கிடைக்கவில்லை. "மேடம், தயவுசெஞ்சு கண்ண மூடிக்கங்க" என்றேன். மூடினார். உடனே கிடைத்தது.

மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. சின்னத் துளை போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். உள்ளே சீழ் பிடித்து ஒட்டிக்கிடந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. பெரிய டாக்டர் வெளியே வந்து குல்லாயைக் கழற்றினார்.

"எப்பவோ வந்து படுத்திருந்தா ரெண்டாம் நாள் வீட்டுக்கு நடந்து போயிருப்பாக. இப்ப மாசக்கணக்காகும். உசுருக்குப் பயமில்ல."

மெய்யநாதன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நான் பாவம் பார்க்கிற நிலையில் இல்லை. உட்கார்ந்து பகல் ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். இத்தனை வருடம் யாரும் கேட்காததை நான் கேட்டேன். சிலர் திட்டினார்கள். ஒருத்தி போனை வைத்தேவிட்டாள். மீதிப் பேர் வருகிறேன் என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

சாயங்காலம் மேடத்துக்கு நன்றாக நினைவு வந்தபோது பக்கத்தில் நின்று நாடி பிடித்துக்கொண்டிருந்தவள் அழகி. மேடம் முதலில் ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வேன் போயிருச்சா?"

"போயிருச்சு மேடம்."

"நீ ஏன் போகல?"

அழகி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இன்னைக்கு இங்க இருக்கேன் மேடம். என்னாலதான் இம்புட்டும். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"காப்புக் கட்டியிருக்குல்ல?"

"கட்டியிருக்கு."

"அப்ப ஊருக்குப் போ." குரலே எழும்பவில்லை. ஆனாலும் அது அதே குரல்தான். "உங்க ஊரு முறைய மதிச்சுத்தான் இத்தன வருசம் டூட்டி போட்டேன். எனக்காக நீ மீறுனேன்னு ஊருக்குள்ள பேச்சு வரட்டும், அடுத்த வருசம் யாரு பிள்ளைகள நைட்டுக்கு அனுப்புவாக? போறியா, நான் எந்திரிக்கவா?"

உண்மையாகவே எழுந்திருக்கப் பார்த்தார். வயிற்றில் அவ்வளவு பெரிய தையலோடு! நான் ஓடிப் போய்த் தோளை அழுத்திப் பிடித்தேன். வாசலில் நின்ற மெய்யநாதன், "நான் கார்ல கொண்டுபோய் விடுறேன், இருட்டுறதுக்குள்ள போயிரலாம்" என்றான். அவன் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். நடந்துகொண்டே, "இருட்டிட்டா என்ன ஆகும்?" என்று அழகியைக் கேட்டான்.

"தெரியாது சார். இதுவரைக்கும் யாரும் போகாம இருந்ததில்ல."

அவர்கள் போனதும் மேடம் என் பக்கம் திரும்பினார். "நைட்டுக்கு யாரு?"

"அது உங்க வேலை இல்ல மேடம். நீங்க சீக்காளி. சும்மா படுங்க."

கட்டிலில் தொங்கிய அழைப்பு மணியைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நைட் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யார் எந்தக் கட்டில் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பதறிப்போய் ஓடினேன். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம்? என்ன செய்யுது?"

"சும்மாதான் அமுக்குனேன். எவ்வளவு நேரத்துல வர்றீகன்னு பாத்தேன். லேட்டு."

பக்கத்தில் நாற்காலியில் இருந்த பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாரு தங்கச்சி. லீவு கெடச்சும் இங்கயேதான் கெடக்குறா, வேலையும் பாக்குறா."

நான் வெளியே வந்துவிட்டேன். பேசியிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி. அடிக்கட்டும் என்று விட்டேன். அதுவும் சோதனை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? கையில் இருந்த வேலையை முடித்து, கையைக் கழுவித் துடைத்து, நடந்துதான் போனேன்.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். மணியை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். படுக்கை விரிப்பு அவருக்குக் கீழே கசங்கிக் கிடந்தது.

"இப்ப என்ன மேடம், லேட்டா?" என்றேன்.

"வலிக்குது சுபா" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.  வலி ஊசியை எடுத்து வர ஓடினேன்.